இரும்பு என்று தெரிய எழுபது வருடம்

மட்டக்களப்பில் நிலத்துக்குப் பெயர் வைத்தது சூரியன். வாவிக்குக் கிழக்கே, கடலோரமாக மணலும் தென்னையுமாகக் கிடப்பது எழுவான்கரை. மேற்கே வயலும் காடுமாக விரிவது படுவான்கரை. எழுகிற கரை, படுகிற கரை. இரண்டுக்கும் நடுவே ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது களப்பு. விடியப்புறம் தோணியில் நின்று வலை இழுப்பவருக்கு முதல் வெளிச்சம் எந்தக் கரையிலிருந்து வரும், கடைசி வெளிச்சம் எந்தக் கரையில் அணையும் என்பது ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது.

அந்தச் சூரியனுக்கு வெளியே இன்னொரு சூரியன் உண்டு. முத்து வெள்ளையாய், பூவிதழ் போலவும் கிழிந்த துணி போலவும் பல இலட்சம் கிலோமீற்றர் பரந்து கிடக்கும் வாயு அது. நடுவிலுள்ள வட்டம் அதைவிடப் பத்து இலட்சம் மடங்கு பிரகாசம் என்பதால் அன்றாடம் கண்ணில் படாது. சந்திரன் வட்டத்தை முழுசாக மூடும் சில நிமிடங்களில் மட்டும் வெளியே வரும். கொரோனா என்று பெயர், இலத்தீனில் கிரீடம். 2020க்குப் பிறகு இந்தச் சொல்லைக் கேட்டால் முகக்கவசம்தான் ஞாபகம் வருகிறது. 1968இல் கிருமிக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர்களும், நுண்நோக்கியில் தெரிந்த அதன் விளிம்பு சூரியனின் கொரோனாவைப் போல இருந்ததால்தான் சூட்டினார்கள். கிருமியை மறந்துவிட்டு இனி ஒளிமுடி என்றே சொல்லலாம்.

அது எவ்வளவு சூடு, அதில் என்ன இருக்கிறது? இந்த இரண்டு கேள்விக்கும் விடை தேடி உலகம் அலைந்த கதையில், தமிழர் வாழும் ஊர்கள் வரிசையாக வருகின்றன: அவினாசி, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம், திருகோணமலை. மட்டக்களப்புக்கு அந்த வரிசையில் இடம் கிடைக்காமல் போனது கொஞ்சத் தூர வித்தியாசத்தில்தான்.

கிரகணம் எப்போது வரும் என்பதில் இங்கே யாருக்கும் பெரிய திகைப்பு இருந்ததில்லை. அமாவாசையில்தான் சூரிய கிரகணம் என்பது பஞ்சாங்கம் புரட்டும் எல்லா வீட்டுக்கும் தெரியும். அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்துக்கு ஊரே திரளும் ஆடி அமாவாசையும் சில வருடங்களில் கிரகண நாளாக அமைந்துவிடும். 2009 ஜூலை 22 அப்படித்தான் வந்தது. அன்று சீனாவில் முழு மறைப்பு; இலங்கையில் காலைச் சூரியனில் ஒரு பகுதி குறைந்தது. கிரகணம் பிடிக்கும் நேரத்தில் கோயில் நடை சாத்துவது, சமைத்த பாத்திரத்தில் தருப்பை போடுவது, பிள்ளைத்தாய்ச்சியை வெளியே விடாதது, விட்டதும் தலை முழுகுவது ஆகிய எல்லாம் நேரத்தை முன்கூட்டியே அறிந்த சமூகத்தின் வழக்கங்கள்.

அந்த நேரத்தை எப்படிக் கணித்தார்கள் என்பதற்கு ஓர் அருமையான சாட்சி இருக்கிறது. 1825இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், ஜோன் வாரன் என்ற ஐரோப்பியரின் முன்னால் உட்கார்ந்து ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். காகிதம் இல்லை, எழுத்தாணி இல்லை. தரையில் சோழிகளை இட்டும் எடுத்தும், வாக்கியங்களாக மனப்பாடம் செய்திருந்த அட்டவணைகளிலிருந்து எண்களை எடுத்தும் முடித்தார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவருடைய கணக்கு பிசகியது 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். வாரன் அதைத் தமது ‘காலசங்கலித’ என்ற நூலில் எழுதி வைத்தார். பாபிலோனியக் கணிதத்தை ஆராய்ந்த ஒட்டோ நொய்கெபவர் 1952இல் அந்தப் பக்கங்களைத் திரும்ப எடுத்து, பழைய கணிப்பு முறை ஒன்று உயிரோடு செயற்பட்டதற்குச் சான்றாகக் காட்டினார். எப்போது என்ற கேள்விக்குச் சோழி போதும். என்ன என்ற கேள்விக்குத்தான் கண்ணாடிப் பட்டகம் தேவைப்பட்டது.

ஒளியைப் பட்டகத்தால் விரித்தால் நிறமாலை. ஒவ்வொரு மூலகமும் அதில் தனக்கென்று சில கோடுகளை இடும். கைரேகை மாதிரி, ஒன்றுக்குள்ளது இன்னொன்றுக்கு வராது. 1868 ஓகஸ்ட் 18 கிரகணத்தில் தெலுங்கு நாட்டில் அந்தக் கருவிகள் நின்றன. பிரான்சின் ஜான்ஸன் குண்டூரில், சென்னை வானாய்வகத்தின் பொக்சன் மசூலிப்பட்டினத்தில், அதே ஆய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி வனபர்த்தியில். சூரிய விளிம்பில் நாக்கு நீட்டும் தீச்சுடர்களில் ஐதரசன் கோடுகள் தெரிந்தன. சோடியத்தின் கோட்டுக்குப் பக்கத்தில், ஆனால் அதன் மேல் விழாமல், ஒரு மஞ்சள் கோடும் தெரிந்தது. பூமியில் அதற்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. ஈலியம் என்று பெயரிட்டார்கள். 1895இல் வில்லியம் ராம்சே ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து அதைப் பிடித்துக் காட்டினார்.

ஈலியத்தின் வெற்றிதான் பிறகு ஆட்களை வழி தவற வைத்தது.

அடுத்த வருடம், 1869 ஓகஸ்ட் 7, அமெரிக்காவில் கிரகணம். சார்ள்ஸ் யங், வில்லியம் ஹார்க்னஸ் என்ற இருவர் தனித்தனியே ஒளிமுடியை விரித்துப் பார்த்தபோது ஒரேயொரு பச்சைக் கோடு தெரிந்தது. இரும்பின் மங்கலான கோடு ஒன்று இருக்கும் இடத்தில்தான் அது விழுந்தது போலிருந்தது. ஆனால் இரும்புக்கு நூற்றுக்கணக்கான கோடுகள் உண்டே, மற்றவை எங்கே? கலியாண வீட்டுக்கு மாப்பிள்ளை மட்டும் தனியே வந்து நின்ற கதை. ஒத்துக்கொள்ள மனம் வராமல், அடுத்த கிரகணத்தில் பார்ப்போம் என்று விட்டார்கள். அடுத்த நல்ல வாய்ப்பு 1871 டிசம்பர் 12. நிழல் வரும் பாதை தென்னிந்தியாவும் வட இலங்கையும்.

அன்று காலை சந்திரனின் நிழல் அரபிக் கடலிலிருந்து கரையேறியது. பேக்கல் கோட்டையில் நோர்மன் லொக்கியர், நீலகிரியின் சோலூரில் ஜான்ஸன், தொட்டபெட்டாவில் கேணல் டெனன்ற், அவினாசியில் பொக்சன், புதுக்கோட்டையில் இத்தாலியரான ரெஸ்பிகி. பாக்கு நீரிணையைத் தாண்டி யாழ்ப்பாணத்தில் இலங்கையின் நிலஅளவை அதிபதி ஃபயர்ஸும் கப்டன் டப்மனும். கடைசியாகத் திருகோணமலை. அங்கிருந்து தெற்கே நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும் மட்டக்களப்பை நிழலின் நடுப்பகுதி தொடவில்லை. வாவிக்கரையில் நின்றவர்கள் பார்த்தது, பிறை போல ஒடுங்கிப் போன சூரியன், ஒளிமுடி அல்ல. கிரகணத்தில் தொண்ணூறு வீதமும் நூறு வீதமும் பக்கத்துப் பக்கத்து எண்கள் அல்ல. ஒரு விரற்கிடை சூரியன் மிச்சமிருந்தாலும் அந்த வெளிச்சத்தில் ஒளிமுடி கரைந்துவிடும்.

திருகோணமலையில் நிறமாலைகாட்டியோடு நின்றவர் ஹென்றி நொட்டிஜ் மோஸ்லி. வயது 27. வானியல் அவருடைய தொழில் அல்ல. ஒக்ஸ்ஃபோர்டில் உயிரியல் படித்தவர். கையில் ஏறக்குறைய இரண்டு நிமிடம். அதற்குள் கோட்டைத் தேட வேண்டும், அளக்க வேண்டும், குறிக்க வேண்டும். கை நடுங்கினால் அடுத்த வாய்ப்பு வேறொரு கண்டத்தில். அவர் பயனுள்ள அவதானங்களை எடுத்துக்கொண்டு போனார் என்பது பதிவில் இருக்கிறது. ஆனால் இரண்டு நிமிட வேலைக்காக அவ்வளவு தூரம் வந்த உயிரியல்காரர் சும்மா திரும்புவாரா? இலங்கையின் ஈரமண்ணில் ஊரும் தட்டைப்புழுக்களைச் சேர்த்துக்கொண்டு போய், அவற்றின் உடலமைப்பைப் பற்றி 1874இல் ஒரு நீண்ட ஆய்வுரை வெளியிட்டார். ஒளிமுடிக்கு வந்து புழுவோடு போனவர். அதற்கு முன்பே, 1872இல், சலஞ்சர் கப்பலின் உலகச் சுற்றில் இயற்கையியலாளராகச் சேர்ந்திருந்தார். இந்த மோஸ்லியின் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் குடும்பம் இந்தக் கதைக்குள் மறுபடி வரும்.

1871இன் அறுவடை நல்ல அறுவடை. லொக்கியரும் ரெஸ்பிகியும் வெவ்வேறு ஊர்களில் நின்று, ஒரே தந்திரத்தைக் கையாண்டார்கள். கருவியின் முன்னால் இருக்கும் ஒடுங்கிய பிளவை எடுத்துவிட்டார்கள். கோடுகளுக்குப் பதிலாக வளையங்கள் தெரிந்தன: ஐதரசனுக்கு ஒரு சிவப்பு வளையம், பச்சைக்கு ஒரு பச்சை வளையம். எந்த வாயு எவ்வளவு உயரம் வரை இருக்கிறது என்பதை வளையத்தின் அகலமே காட்டியது. சோலூரின் தெளிந்த மலைக்காற்றில் ஜான்ஸன் இன்னொன்றைக் கண்டார். ஒளிமுடியின் வெளிச்சத்தில் சாதாரணச் சூரிய ஒளிக்குரிய கரிய கோடுகளும் இருந்தன. அதாவது அந்த ஒளியில் ஒரு பங்கு தூசியில் பட்டுச் சிதறிய இரவல் வெளிச்சம். இன்னொரு பங்கு சொந்த வெளிச்சம். பச்சைக் கோடு சொந்தச் சொத்து.

யாருடைய சொத்து என்பதுதான் தெரியவில்லை.

இந்த நிலைமையை விளங்கிக்கொள்ள மட்டக்களப்பாருக்கு வெளியே போக வேண்டியதில்லை. கல்லடிப் பாலத்தடியில், நிலா இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் வைத்து மறுநுனியைக் காதில் வைத்தால் வரும் ஒலி, தந்திக் கம்பியை மீட்டியது போன்ற இசை, ஊருக்கு அடையாளமாகிவிட்டது. பாடும் மீன் என்பது பெயர். 1848இல் மட்டக்களப்புக்கு வந்த எமர்சன் டெனன்ற் (தொட்டபெட்டாவில் நின்ற கேணல் வேறு), தோணிப் பலகையில் காதை ஒட்டிக் கேட்டுவிட்டு 1859இல் வெளிவந்த தமது இலங்கை நூலில் அதை விவரித்தார். பாடுவது மீனல்ல, ஊரி என்ற சங்கினம் என்றே வலைஞர்கள் அவருக்குச் சொன்னார்கள். மீனா, ஊரியா? ஒலியில் சந்தேகம் இல்லை. பாடுகிறவர் யார் என்பதில்தான் வழக்கு. பச்சைக் கோட்டின் கதையும் அதேதான். கோட்டில் சந்தேகம் இல்லை, பெயரில்தான் பிழை.

பிழை பெரிதானது 1898இல். ஜனவரி 22 கிரகணம் மேற்கிந்தியாவின் விஜயதுர்க்கம் பக்கமாகப் போனது. அப்போது நிழற்படத் தகடுகள் வந்துவிட்டன, அளவு துல்லியமானது. பச்சைக் கோடு இவ்வளவு காலமும் நினைத்த இடத்தில், அதாவது 5317 அங்ஸ்ட்ரொம் அலைநீளத்தில், இல்லை. 5303இல் இருக்கிறது என்று தெரிந்தது. இரும்பின் கோட்டோடு இருந்த ஒரே உறவும் அறுந்தது. இரும்பு இல்லை என்றால் புது மூலகம்தான். ஈலியம் கிடைக்கவில்லையா, இதுவும் ஒருநாள் கிடைக்கும் என்றார்கள். கொரோனியம் என்ற பெயர் ஊன்றி நின்றது. ஆவர்த்தன அட்டவணையை வகுத்த மெண்டலீவே ஐதரசனைவிட இலேசான ஒரு மூலகமாக அதை இருத்திப் பார்த்தார்.

அட்டவணையில் அப்படி வெற்றிடம் எதுவும் இல்லை என்று காட்டியவர்தான் திருகோணமலை மோஸ்லியின் மகன்.

ஹென்றி கிவின் ஜெஃப்ரிஸ் மோஸ்லி 1887இல் பிறந்தவர். தகப்பன் இறக்கும்போது அவருக்கு நாலு வயது நிறையவில்லை. 1913இல் மான்செஸ்டரில், மூலகங்கள் வெளிவிடும் எக்ஸ் கதிர்களை ஒவ்வொன்றாக அளந்து, ஒவ்வொரு மூலகத்துக்கும் ஒரு முழு எண் உண்டு என்று நிறுவினார். அணுவெண் என்று இன்று பாடசாலைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வது அதைத்தான். எண்ணுக்கு நடுவே எண் இல்லை: ஒன்று ஐதரசன், இரண்டு ஈலியம். காலியாக இருந்த இலக்கங்கள் 43, 61, 75 போன்றவை. எல்லாம் பாரமான மூலகங்கள். இலேசான பக்கத்தில் கொரோனியத்துக்குக் கதிரையே இல்லை. தகப்பன் எந்த ஒளிமுடியை நோக்கிக் கருவியைத் திருப்பினாரோ, அதில் இருப்பதாகச் சொன்ன கற்பனை மூலகத்தின் குடியுரிமையை மகன் இரத்துச் செய்தார். திருகோணமலையில் நின்றபோது தகப்பனுக்கு 27 வயது. 1915 ஓகஸ்ட் 10 கலிப்பொலிப் போர்முனையில் குண்டடி பட்டு இறந்தபோது மகனுக்கும் 27 வயது.

புது மூலகம் இல்லை என்றால், தெரிந்த மூலகம் ஒன்று வேஷம் போட்டிருக்க வேண்டும். கல்கத்தாவிலிருந்து மேகநாத் சாகா 1920இல் தந்த சமன்பாடு வழியைத் திறந்தது. சூடு ஏற ஏற அணுவிலிருந்து இலத்திரன்கள் கழன்றுபோகும். எத்தனை கழன்றது என்பதைப் பொறுத்து நிறமாலை அடையாளம் தெரியாமல் மாறும். ஆனால் ஒளிமுடி அவ்வளவு சூடாக இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. நினைக்க நியாயமும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் சூரிய மேற்பரப்பின் வெப்பநிலை 5,500 பாகை செல்சியஸ். அடுப்பை விட்டு விலகினால் சூடு குறைய வேண்டுமே தவிர கூடக்கூடாது.

கூடித்தான் இருந்தது. சுவீடனின் பெங்ற் எட்லேன் வெற்றிடத்தில் மின்பொறி பாய்ச்சி, இலத்திரன்களை உரித்த அணுக்களின் சக்திப் படிகளை அளந்து அட்டவணை போட்டிருந்தார். ஜேர்மனியின் வால்ட்டர் குரோட்ரியன் 1939இல் அந்த அட்டவணையைப் பார்த்தபோது, ஒளிமுடியின் சிவப்புக் கோடு 6374, ஒன்பது இலத்திரன் இழந்த இரும்பின் இரண்டு படிகளுக்கு இடைப்பட்ட வித்தியாசத்தோடு அச்சாகப் பொருந்தியது. எட்லேன் மிச்சத்தை 1942 அளவில் முடித்தார். பச்சைக் கோடு 5303, பதின்மூன்று இலத்திரன் இழந்த இரும்பு. மஞ்சள் கோடு ஒன்று, பதினாலு இலத்திரன் இழந்த கல்சியம்.

இரும்புதான். 1869இல் முதலில் சந்தேகப்பட்டது போலவே இரும்பு; அளவு பிழையாக இருந்தபோது ஊகம் சரி, அளவு சரியானபோது ஊகம் பிழையென்று தள்ளப்பட்டது. படுவான்கரை வயலில் மண்வெட்டிக்கும் அலவாங்குக்கும் ஆகிற அதே இரும்பு. அதிலிருந்து பதின்மூன்று இலத்திரன்களை உரிக்க வேண்டுமென்றால் சூடு ஏறக்குறைய 20 இலட்சம் பாகை வேண்டும். பூமியில் அந்தக் கோடு தெரியாததற்கும் காரணம் உண்டு. அந்த அணு ஒளியை விடச் சற்று நேரம் எடுக்கும். சாதாரண வாயுவில் அதற்குள் பக்கத்து அணு வந்து மோதிச் சக்தியைப் பிடுங்கிவிடும். ஒளிமுடியில் பக்கத்து வீடு வெகு தூரம். ஆறுதலாக ஒளி விடலாம்.

இருபது இலட்சம் பாகை என்றதும் எல்லாம் பொசுங்கிவிடும் என்று நினைக்கத் தேவையில்லை. தீபாவளிக் கம்பி மத்தாப்பின் பொறி ஆயிரம் பாகைக்கு மேல். குழந்தையின் கையில் விழுந்தாலும் சுள்ளென்று ஒரு கணம், அவ்வளவுதான். நூறு பாகைத் தண்ணீர் ஒரு குவளை கொட்டினால் ஆஸ்பத்திரி. பொறியில் பொருள் குறைவு. ஒளிமுடியிலும் அப்படியே, நாம் மூச்சு விடும் காற்றோடு ஒப்பிட்டால் அது கிட்டத்தட்ட வெற்றிடம். அந்த மத்தாப்புப் பொறியும் பெரும்பாலும் எரியும் இரும்புத் தூள் என்பது ஒரு பொருத்தமான தற்செயல்.

எல்லா இடமும் ஒரே சூடும் இல்லை. சூரியனின் காந்தப்புலம் விண்வெளிக்குத் திறந்து கிடக்கும் துளைகளில் பத்து இலட்சத்துக்குக் கீழே. அமைதியான பகுதிகளில் பத்திலிருந்து பதினைந்து இலட்சம். கரும்புள்ளிக் கூட்டங்களுக்கு மேலே வளைந்து நிற்கும் காந்தக் கண்ணிகளில் முப்பது, நாற்பது இலட்சம். வெடிப்பு நேரத்தில் கோடியைத் தாண்டும். சிவப்புக் கோடு குளிர்ந்த பகுதியையும், பச்சை நடுத்தரத்தையும், மஞ்சள் கொதிப்பையும் காட்டும். மூன்று கோடுகள், மூன்று வெப்பமானிகள்.

மேற்பரப்புக்கு மேலே சில ஆயிரம் கிலோமீற்றருக்குள் சூடு இப்படி எகிறுவதற்கு யார் பொறுப்பு என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. காந்த அலைகள் மேலே ஏறிச் சக்தியைக் கொட்டுகின்றன என்பது ஒரு கட்சி. முறுகிய காந்தக் கோடுகள் எண்ணற்ற சின்னஞ்சிறு வெடிப்புகளாக அறுந்து சூடேற்றுகின்றன என்பது மறுகட்சி. அதற்குத் தலைவராக நின்றவர் அமெரிக்கரான யூஜின் பார்க்கர். ஒளிமுடி இவ்வளவு சூடென்றால் அது ஓரிடத்தில் நிற்காது, காற்றாக வெளியே வீசும் என்று 1958இல் கட்டுரை எழுதியவரும் அவரே. மதிப்பிட்ட இருவரும் வேண்டாம் என்றார்கள். சஞ்சிகையின் ஆசிரியர் சுப்பிரமணியன் சந்திரசேகர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். அவருக்கும் கருத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் கணக்கில் பிழை காணவில்லை, ஆகவே பதிப்பித்தார். பத்திரிகை ஆசிரியர்கள் சட்டம் போட்டு மாட்டி வைக்க வேண்டிய முடிவு. அந்தச் சூரியக் காற்று இருப்பதைச் சில வருடங்களில் விண்கலங்கள் உறுதிப்படுத்தின. 2021 ஏப்ரலில் பார்க்கரின் பெயரைத் தாங்கிய கலம் ஒளிமுடிக்குள்ளேயே புகுந்து வெளியே வந்தது.

இதற்கிடையில் இலங்கைக்கு ஒளிமுடி இன்னொரு தடவை வந்து போனது. 1955 ஜூன் 20. பசிபிக் பக்கத்தில் அதிகபட்சம் 7 நிமிடம் 8 செக்கன் நீடித்த, அந்த நூற்றாண்டின் மிக நீண்ட முழுக் கிரகணம். இலங்கையில் காலையில் நாலு நிமிடம். மட்டக்களப்பு ரயில் பாதையில் இருக்கும் ஹிங்குராக்கொடையிலும் பொலன்னறுவைப் பக்கத்திலும் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடாரமடித்துக் கருவிகளைப் பூட்டினார்கள். சூரியன் கரும்புள்ளி குறைந்த காலத்தை விட்டு அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. கரும்புள்ளி குறைந்த காலத்து ஒளிமுடி இரு பக்கமும் சிறகு விரித்தது போல நீளும். மாதக் கணக்கில் ஆயத்தம், வந்தது முகில். தென்மேற்குப் பருவக்காற்று எந்த ஆய்வகத்துக்கும் கட்டுப்பட்டதல்ல.

நாட்டுக்கு அந்த நாள் நினைவில் நின்றது வேறொரு காரணத்தால். கிரகண வேளையில் வசம்பு அரைத்துக் குடித்தால் நிறம் வெளுக்கும், அழகு கூடும் என்று ஒரு வதந்தி கிளம்பியது. சிங்களத்தில் வதகஹ. குடித்த பலர் வாந்தியும் மயக்கமுமாய் ஆஸ்பத்திரிகளில் வந்து விழுந்தார்கள். அளவோடு சுட்டுக் கரைத்துக் கைக்குழந்தையின் நாக்கில் தடவும் மருந்தாகத் தமிழ் வீடுகளில் இருப்பதும் இதே வசம்புதான். ராத்திரியில் அதன் பெயரைச் சொல்லக்கூடாது என்று பேர்சொல்லாதது என்றே கேட்டு வாங்குவார்கள். ஹிங்குராக்கொடையில் கண்ணாடியும் நிழற்படத் தகடும் ஏமாந்த அதே காலையில், ஊரிலே அம்மியும் ஏமாந்தது.

சூட்டின் கணக்கு இப்படி என்றால், சரக்கின் கணக்கு அதைவிட வினோதம். ஒளிமுடி சூரியனின் மேற்பரப்பிலிருந்து எழுந்ததுதானே, கீழே இருக்கும் விகிதத்தில்தானே மேலேயும் மூலகங்கள் இருக்க வேண்டும்? அளந்தால் கணக்கு உதைக்கிறது. இரும்பு, மகனீசியம், சிலிக்கன், கல்சியம் எல்லாம் மேலே மூன்று நாலு மடங்கு கூடுதல். ஒட்சிசன், நியோன், ஆர்கன் கூடவில்லை. 1963இல் ஸ்டுவர்ட் பொட்டாஷ் இதை முதலில் எழுதினார். பாரமானவை, இலேசானவை என்ற பிரிவும் இல்லை. இரும்பு பாரம், மகனீசியம் இலேசு, இரண்டும் ஒரே பக்கம்.

பிரிப்பது வேறொன்று. முதல் இலத்திரனைக் கழற்ற எவ்வளவு சக்தி வேண்டும் என்பதே அளவுகோல். சோடியத்துக்கு 5.1 இலத்திரன்வோல்ட், மகனீசியத்துக்கு 7.6, இரும்புக்கு 7.9, சிலிக்கனுக்கு 8.2. மறுபக்கம் ஒட்சிசனுக்கு 13.6, ஆர்கனுக்கு 15.8, நியோனுக்கு 21.6. கோடு விழுவது பத்தளவில். வாவியின் முகத்துவாரத்தில் வலை கட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மேற்பரப்புக்கும் ஒளிமுடிக்கும் நடுவே மெல்லிய ஓர் அடுக்கு இருக்கிறது. அங்கே பத்துக்குக் கீழ்ப்பட்டவை இலத்திரனை இழந்து மின்னேற்றம் பெற்றுவிடும். மேற்பட்டவை பெரும்பாலும் இழக்காது. காந்தப்புலம் ஒரு வலை. ஆனால் அதன் கண்ணில் சிக்குவது பருமனானது அல்ல, மின்னேறியது. சிக்கியதை அலைகள் மேலே தள்ளுகின்றன; சிக்காதது வழுகிக் கீழேயே நிற்கிறது. மார்ட்டின் லாமிங் 2004இலிருந்து முன்வைத்துவரும் விளக்கம் இதைச் சார்ந்தது, இன்று பெரும்பாலோர் ஒப்புவதும் இதையே.

இந்த வலை எப்போது கிழிகிறது என்பதை அண்மையில் காட்டியது ஓர் இந்தியக் கருவி. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம் செய்த எக்ஸ் கதிர் மானி, 2019இல் சந்திரயான்-2 கலத்தில் ஏறிச் சந்திரனைச் சுற்றத் தொடங்கியது. ஒரு நூற்றாண்டில் சூரியன் மிக அமைதியாக இருந்த காலம் அது. அந்த அமைதிக்குள் நடந்த சிறு வெடிப்புகளைப் பார்த்தபோது, வெடிப்பு உச்சத்துக்கு ஏறும் நிமிடங்களில் மகனீசியமும் சிலிக்கனும் கூடுதல் விகிதத்தை இழந்து கீழ்மட்ட விகிதத்துக்கு இறங்கின. பிறகு விரைவிலேயே பழையபடி ஏறின. அடியிலிருந்து புதுச்சரக்கு வடிகட்டப்படாமல் பீறிக்கொண்டு மேலே வந்திருக்கிறது. மாரி வெள்ளத்துக்கு முகத்துவாரம் வெட்டிய நாளில் வாவியும் கடலும் கலப்பது போல. ஒரு காலத்தில் சந்திரன் சூரியனை மறைத்தால்தான் இதெல்லாம் தெரியும் என்றிருந்தது. இப்போது சந்திரனையே சுற்றிக்கொண்டு பார்க்கிறார்கள்.

பச்சைக் கோட்டுக்கும் நிரந்தரக் காவல் வந்துவிட்டது. 2023 செப்டம்பர் 2 சிறீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஆதித்யா எல்-1, 2024 ஜனவரி 6 அன்று பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தள்ளித் தன் இடத்தில் அமர்ந்தது. திட்டத்தை நடத்திய நிகர் சாஜி தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டைக்காரர். அதிலுள்ள முதன்மைக் கருவி, பெங்களூரின் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் செய்தது, சூரியனை ஒரு தட்டால் மறைத்துச் செயற்கைக் கிரகணம் ஒன்றை உண்டாக்குகிறது. அது பார்க்கும் கோடுகளில் ஒன்று 5303. திருகோணமலையில் மோஸ்லிக்குக் கிடைத்த இரண்டு நிமிடம் அங்கே நாள் முழுதும்.

இலங்கையின் வடக்கை நிழலின் நடுப்பாதை அடுத்துக் கடப்பது 2031 மே 21. ஆனால் அது வளையக் கிரகணம், சூரியனின் விளிம்பு மூடாது, ஒளிமுடி தெரியாது. மட்டக்களப்பில் பகுதி மறைப்பு. வெறுங்கண்ணால் பார்க்க வேண்டாம். 1955இல் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று எண்பதைத் தொட்டவர்கள். எழுவான்கரையிலோ படுவான்கரையிலோ உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அந்த ஜூன் 20 காலை எங்கே நின்றார், எவ்வளவு இருட்டியது, கோழி கூட்டுக்குள் போனதா, வசம்பு குடித்தாரா என்று இந்தக் கிழமையே கேட்டு எழுதி வையுங்கள்.